பல்லி சொன்ன திசை

முதலில் பல்லி என்றுதான் நினைத்தேன்.
சிம்மக்கல் கடையில், ஃப்ளெக்ஸ் மிஷினுக்குப் பின்னால்
டிக். டிக். டிக்.
கிழக்குச் சுவரில் சொன்னால் என்ன பலனென்று
தினசரிக் காலண்டரைப் புரட்டப் போனவளை
அஸ்மத் நிறுத்தினான்:
"அக்கா, சத்தம் டிஸ்க்குல இருந்து வருது."

ரெண்டு டெராபைட்.
ஒன்பது வருசத்து மதுரை உள்ளே இருந்தது.
காதுகுத்து, வசந்தவிழா,
வாழ்த்த வயதில்லாமல் வணங்கியவர்கள்,
புலிமேல் உட்கார்ந்த மாப்பிள்ளைகள்,
அப்புறம் தனி ஃபோல்டரில் இறந்தவர்கள்,
அகர வரிசையில்.

உதவி எண்ணில் தமிழுக்கு ஏழு.
அமுக்கியதும் வீணை வாசித்தார்கள்,
பதினெட்டு நிமிசம்.
"லோகிதா பேசுறேன். உங்க பேர் மேடம்?"
ராக்காயி.
"ராகவி?"
ராக்காயி. அழகர்மலை மேல இருக்காள்ல, அவ பேரு.
"ஓகே ராகவி மேடம்."

கேபிளை மாற்றச் சொன்னாள், மாற்றினேன்.
வேறு போர்ட்டில் செருகினேன்.
எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் கம்ப்யூட்டரிலும்
அது அதையேதான் கேட்டது: ஃபார்மட் செய்யவா?
எழவு வீட்டு வாசலில் நின்று
எப்போ காலி பண்றீங்க என்கிற
வீட்டுக்காரனைப் போல.

"சத்தம் எந்த மாதிரி இருக்கு மேடம்?"
பல்லி மாதிரி.
கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும்.
"அப்படி ஒரு ஆப்ஷன் இல்ல மேடம்,
கிளிக்கிங்னு போட்டுக்கிறேன்."

வாரண்டி இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறதாம்.
பழசை அனுப்பினால் புதுசு தருவார்கள்.
உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை.
உள்ளே இருக்கிறதுக்குத்தானம்மா டிஸ்க்கே வாங்கினேன்?
மன்னிப்புக் கேட்டாள்.
சொல்லிக்கொடுத்த மன்னிப்புதான்,
முடிக்கும்போது மட்டும் குரல் அவளுடையதாக இருந்தது.

இவ்வளவு நேரமும்
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் சோணைமுத்து,
விரகனூர்க்காரர்.
வியாழக்கிழமை அவர் சம்சாரத்துக்கு முதல் திதி.
இருந்த ஒரே படத்தைப் போன வருசம்
நான்தான் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்தேன்.
ஐப்பசி மழையில் அது சுவரோடு ஊறிப் போயிற்று.
"வேற இல்லத்தா" என்றார்.
அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

பால் கவரில் சுற்றி
டீக்கடை ஃப்ரீசரில் வை என்று
அஸ்மத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ஐஸ்கட்டிகளுக்கும் மீனுக்கும் நடுவில் ரெண்டு மணி நேரம்.
எடுத்துச் செருகினால் உயிர் வந்தது,
நாலே நிமிசம்.
அழகம்மாள், இருளாயி, காசிமாயன்
என்று ஒவ்வொருவராக இறங்கி வந்து
பஞ்சவர்ணம் என்ற பெயரில் நின்றது.
பதினோரு எம்பி.
பெயர் இருந்தது. முகம் திறக்கவில்லை.

"போன வருசம் அடிச்ச தட்டி ஆகாதா?"
என்றார் சோணைமுத்து.
எங்கய்யா இருக்கு அது?
"ஆட்டுக் கொட்டாய்க்கு மேல கட்டிருக்கேன்."

டிவிஎஸ்ஸில் மூணு பேர் போனோம், கிழக்கே.
மேலே பார்த்தால் வெள்ளைத் துணி, காக்கா எச்சம்.
குனிந்து உள்ளே போனால்
பத்துக்கு எட்டு அடியில் பஞ்சவர்ணம்,
ஆறு ஆடுகளைப் பார்த்தபடி.
"வெயில் படக் கூடாதுன்னு
உள்பக்கமாத் திருப்பிக் கட்டுனேன்."
சிவப்புச் சேலை சிவப்பாகவே இருந்தது.
கன்னத்தில் ஒரு மடிப்பு,
பூ வைத்த இடத்தில் கயிற்று ஓட்டை.
புழுக்கை மேல் மல்லாந்து படுத்து
போனில் பதினாறு படம் எடுத்தேன்.
ஒரு குட்டி என் தாவணி நுனியைத் தின்றது
பத்தாவது படத்துக்கும் பதினொன்றாவதுக்கும் இடையில்.

மடிப்பை அழிக்க ராத்திரி மூணு மணியானது.
முழுக்க அழியவில்லை.
வயசான கோடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் குறுஞ்செய்தி வந்தது:
ராகவி மேடம், உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது,
எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை?
லோகிதாவுக்காக ஐந்து போட்டேன்.

டிஸ்க்கை அனுப்பவில்லை.
பத்தொன்பது நாளும் போயிற்று.
மேசை டிராயரில் கிடக்கிறது, ஒயர் இல்லாமல்.
கடையைப் பூட்டும்போது சில நாள்
டிக் என்று கேட்கும்.
பல்லியாகத்தான் இருக்க வேண்டும்.